திருக்கல்லறையில் திருப்பலி: முதல்முறை குழுவோடு போகும் குருக்களுக்கு

திருநாட்டுப் பயணத்துக்குக் குழுவைக் கூட்டிக்கொண்டு கிளம்பும் இளம் குருக்கள் கேட்கும் முதல் கேள்வி, "எருசலேமில் இயேசுவின் கல்லறைக்குள்ளேயே பூசை வைக்க முடியுமா?" என்பதுதான். முடியும். தமிழிலேயே வைக்கலாம். ஆனால் நம் ஊர்த் திருவிழாப் பூசையை மனத்தில் வைத்துக்கொண்டு, பாடகர் குழு, மாலை மரியாதை, முக்கால் மணி நேரப் பிரசங்கம் என்று திட்டம் போட்டால் அங்கே போய்த் திணறுவீர்கள். கிடைப்பது விடியற்காலையில் அரை மணி நேரமும், மூன்று நான்கு பேர் நின்றாலே தோள் இடிக்கும் ஓர் அறையும்தான். அதற்குள் எதைச் சேர்க்கலாம் என்று யோசிக்காமல், எதையெல்லாம் விடலாம் என்று யோசித்துக்கொண்டு கிளம்புங்கள்.

முதலில், அது யார் வீடு என்று தெரிந்துகொள்ளுங்கள்

எருசலேம் திருக்கல்லறைக் கோயில் நம் மறைமாவட்டக் கோயில்களைப் போல ஒரே நிர்வாகத்தின் கீழ் இல்லை. கிரேக்க ஆர்த்தடாக்ஸ், இலத்தீன் கத்தோலிக்கர், அர்மீனியர் ஆகிய மூவரும் பெரிய பங்காளிகள். காப்டிக், சிரிய, எத்தியோப்பியத் திருச்சபைகளுக்கும் அங்கே இடமும் உரிமையும் உண்டு. யார் எந்த நேரத்தில் எந்தப் பீடத்தில் வழிபடலாம், எந்தப் படியை யார் பெருக்கலாம், எந்த விளக்கை யார் ஏற்றலாம் என்பதெல்லாம் 'ஸ்டேட்டஸ் குவோ' என்ற பழைய ஏற்பாட்டின்படி நடக்கிறது. 1852-இல் ஒட்டோமான் சுல்தான் இட்ட ஆணை அதை உறுதிப்படுத்தியது. கோயில் முகப்பில் ஒரு சன்னலுக்குக் கீழே ஒரு சின்ன மர ஏணி சாய்ந்திருப்பதைப் பார்ப்பீர்கள். 1728-ஆம் ஆண்டு ஓவியத்திலேயே அந்த ஏணி இருக்கிறது. எல்லாரும் ஒத்துக்கொண்டாலொழிய எதையும் நகர்த்தக்கூடாது என்பதால் அது அங்கேயே நிற்கிறது. கதவுச் சாவி ஜூதே என்ற முஸ்லிம் குடும்பத்திடம் இருக்கிறது. கதவைத் திறந்து மூடும் பொறுப்பு நுசைபா என்ற இன்னொரு முஸ்லிம் குடும்பத்துக்கு.

இதையெல்லாம் பேருந்தில் பயணிகளுக்குச் சுவையான தகவலாகச் சொல்வதோடு விட்டுவிடாதீர்கள். உங்களுக்கே இது தேவைப்படும். "பத்து நிமிடம் கூடுதலா எடுத்துக்கிறேன் ஃபாதர்" என்று அங்கே கெஞ்ச முடியாது. உங்கள் பத்து நிமிடம் அடுத்த குருவினுடைய பூசை. அவருக்குப் பின்னால் இன்னொரு சபையின் வழிபாடு காத்திருக்கும்.

இலத்தீன் பக்கத்துக்குப் பொறுப்பு பிரான்சிஸ்கன் சபையார். 1217 முதல் அவர்கள் திருநாட்டில் இருக்கிறார்கள். 1342-இல் திருத்தந்தை ஆறாம் கிளமென்ட் அந்தப் பொறுப்பை அவர்களிடம் முறைப்படி ஒப்படைத்தார். உங்கள் பேச்சுவார்த்தை எல்லாம் அவர்களோடுதான்.

நேரம் வாங்குவது

திருப்பலிக்கு இடம் கேட்க வேண்டியது பிரான்சிஸ்கன் பயணிகள் அலுவலகத்தில். யாஃபா வாசலுக்கு உள்ளே, தாவீது கோபுரத்துக்கு எதிரே உள்ள கிறிஸ்தவத் தகவல் மையத்தில் அது இயங்குகிறது. இணையத்திலேயே கேட்டுக்கொள்ளலாம். பயணத் தேதி முடிவான அன்றே கேளுங்கள். 'தினமும் பூசை உண்டு' என்று பயண ஏஜென்ட் அச்சடித்த நோட்டீசை நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள். விமான டிக்கெட்டும் ஓட்டலும் அவர் பார்க்கட்டும். பீடத்துக்கான நேரத்தை நீங்களே கேட்டு, எந்தக் கோயில், எந்தப் பீடம், எத்தனை மணி என்று எழுத்தில் வாங்கி, ஒரு படி அச்செடுத்துப் பையில் வையுங்கள். அங்கே போய் "ஏஜென்ட் சொன்னாரே" என்றால் எடுபடாது.

பிறகு கையில் இருக்க வேண்டிய தாள் செலெப்ரெட். நீங்கள் குருதான், பூசை வைக்கத் தடையேதும் இல்லை என்று உங்கள் ஆயரோ சபைத் தலைவரோ தரும் சான்றுக் கடிதம் அது. அறிமுகமில்லாத குரு அதைக் காட்ட வேண்டும் என்றும், அது ஓர் ஆண்டுக்குள் கொடுக்கப்பட்டதாக இருக்க வேண்டும் என்றும் திருச்சபைச் சட்டம் 903 சொல்கிறது. ஆயர் இல்லக் கோப்பில் கிடக்கும் பழைய கடிதத்தை நகலெடுத்துக்கொண்டு போகாதீர்கள். உங்களோடு வேறு குருக்கள் வந்தால் அவர்களுக்கும் தனித்தனியாக வேண்டும்.

தேதி பார்க்கும்போது இன்னொன்று. ஆர்த்தடாக்ஸ் புனித வாரமும் நம் புனித வாரமும் பெரும்பாலும் வெவ்வேறு நாட்களில் வரும். இரண்டு காலத்திலும் கோயில் நிரம்பி வழியும், வழக்கமான நேர அட்டவணை எதுவும் செல்லாது. ஊரில் சனிக்கிழமை இரவில் வைக்கும் நம் பாஸ்கா திருவிழிப்பே அங்கே சனிக்கிழமை காலையில் நடந்துவிடும், அதுவும் ஸ்டேட்டஸ் குவோ கணக்குத்தான். முதல் பயணத்துக்கு அந்த வாரங்கள் வேண்டாம். 2023 அக்டோபருக்குப் பிறகு அங்கே போர்ச் சூழலால் பயணிகள் வருகை வெகுவாகக் குறைந்தது. தேதி குறிக்கும் முன் வெளியுறவு அமைச்சகத்தின் பயண அறிவுரையைக் கட்டாயம் பாருங்கள்.

எந்தப் பீடம்?

எல்லாருக்கும் கல்லறை அறைதான் வேண்டும். என் கருத்து வேறு. உங்கள் குழுவில் நாற்பது ஐம்பது பேர், அதில் பாதி அறுபதைத் தாண்டியவர்கள் என்றால் கல்லறைக்குள் பூசை அவர்களுக்குக் காட்சியாகக்கூட அமையாது. நீங்கள் உள்ளே இருப்பீர்கள், அவர்கள் வெளியே கல்தரையில் நிற்பார்கள். உங்கள் முதுகுகூட அவர்களுக்குத் தெரியாது. அதே கோயிலில் இலத்தீன் சபைக்கு வேறு பீடங்களும் உண்டு. உயிர்த்த ஆண்டவர் தம் அன்னைக்குக் காட்சி தந்ததாக மரபு சொல்லும் சிற்றாலயத்தில் நற்கருணை வைக்கப்பட்டிருக்கிறது. பெரிய குழுவுக்கு அது வசதி. மகதலா மரியா பீடமும் பக்கத்திலேயே. கல்வாரிக்கு மேலே ஏறினால், வலது பக்கம் ஆண்டவரைச் சிலுவையில் அறைந்த இடம் என்று வணங்கப்படும் சிற்றாலயம் நம்முடையது. அங்கே பீடத்தில் இருக்கும் வெண்கல வேலைப்பாடு 1588-இல் ஃபிளாரன்ஸில் மெடிச்சி குடும்பத்தார் செய்து அனுப்பியது. இடது பக்கம், பாறைக்கு மேலேயே உள்ள பீடம் கிரேக்கர்களுடையது. அங்கே நாம் முழந்தாளிட்டுப் பாறையைத் தொட்டு வணங்கலாம், பூசை வைக்க முடியாது.

கல்வாரிக்கு ஏறும் படிகள் செங்குத்து, ஒவ்வொரு படியும் உயரம், பல தலைமுறைக் கால்கள் பட்டு வழவழப்பு. முழங்கால் வலிக்காரர்களுக்கு முந்தின நாளே சொல்லிவிடுங்கள், கை பிடித்து ஏற்றிவிட இளைஞர்களை ஏற்பாடு செய்யுங்கள். பூசை எந்தப் பீடத்தில் நடந்தாலும் பூசை பூசைதான் என்பதை நாம் பாடமாகப் படித்திருக்கிறோம். ஆனாலும் மக்களுக்குச் சொல்ல நாம் தயங்குகிறோம். தயங்காமல் சொல்லிவிடுங்கள்.

எந்தப் பூசை, எந்த வாசகம்

கல்லறையில் வைப்பது உயிர்ப்புப் பூசை. வெள்ளை உடுப்பு, வானவர் கீதம், யோவான் 20-ஆம் அதிகாரம். ஊரில் அன்று எந்தப் புனிதரின் நினைவு நாள் என்பது அங்கே பெரிதில்லை. கல்வாரியில் பாடுகளின் பூசை, சிவப்பு. பெத்லகேமில் மே மாதத்திலும் கிறிஸ்துமஸ் பூசைதான், பயணிகளுக்கு அது பெரிய மகிழ்ச்சி. தவக்காலத்திலோ பெருவிழா நாளிலோ போனால், அன்றைக்கு எந்தப் பூசை என்று சக்கிறீஸ்தில் (குருக்கள் உடுப்பு மாற்றும் அறையில்) கேட்டு அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள். திருநாட்டுத் திருப்பலிப் பாடங்களில் சில இடங்களில் 'இங்கே' என்று சேர்த்து வாசிக்கும் வழக்கம் உண்டு. நாசரேத்துக் குகைப் பீடத்திலும் 'வாக்கு இங்கே மனிதரானார்' என்றுதான் இலத்தீனில் பொறித்திருக்கிறது. அந்த ஒற்றைச் சொல்லை வாசகர் விழுங்கிவிடாமல் நிறுத்தி வாசிக்கட்டும்.

தமிழ்த் திருப்பலி நூலைச் சுமந்துகொண்டு போக வேண்டாம். அது கனம், உள்ளே வைத்துத் திருப்பவும் இடமிருக்காது. வேண்டிய மன்றாட்டுகளும் தொடக்கவுரையும் இரண்டாம் நற்கருணை மன்றாட்டும் மட்டும் பெரிய எழுத்தில் அச்சடித்து ஒரு மெல்லிய கோப்பில் போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே வெளிச்சம் விளக்குகளுடையது. கண்ணாடி போடுகிறவர்கள் எழுத்தை இன்னும் பெரிதாக்குங்கள். மக்களுக்குப் பதிலுரைகளும் இரண்டு பாட்டும் உள்ள ஒற்றைத் தாள் போதும். சக்கிறீஸ்தில் உடுப்பு, அப்பம், இரசம் எல்லாம் தருவார்கள். ஆனாலும் உங்கள் அங்கியும் வெள்ளைத் தோள்துகிலும் கையோடு இருக்கட்டும், கூட்டுத் திருப்பலிக்கு வரும் குருக்களிடமும் சொல்லிவிடுங்கள்.

அந்த விடியற்காலை

இரவில் கோயில் கதவு அடைத்திருக்கும். உள்ளே நள்ளிரவுக்குப் பின் கிரேக்கர்களின் வழிபாடு, அடுத்து அர்மீனியர், அதற்குப் பிறகு விடியலில் நம் முறை. இலத்தீன் பூசைகள் அரை மணிக்கு ஒன்றாக நடக்கும். கோடையில் நாடு முழுதும் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைப்பார்கள், கோயில் மட்டும் பழைய நேரத்திலேயே இருக்கும். அதனால் அட்டவணையில் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் ஒரு மணி வித்தியாசம் வரும். உங்களுக்குத் தந்த நேரம் ஊர்க் கடிகாரப்படியா என்று ஒரு முறைக்கு இருமுறை கேளுங்கள்.

ஓட்டல் பெத்லகேமில் என்றால் எருசலேமுக்குள் வரச் சோதனைச்சாவடியைத் தாண்ட வேண்டும். ஐந்து மணிப் பூசைக்கு மூன்றரைக்குள் பேருந்து நகர்ந்தாக வேண்டும். கல்லறைப் பூசைக்கு முந்தின இரவாவது பழைய நகரத்துக்குப் பக்கத்தில் தங்குவது நல்லது, செலவு கொஞ்சம் கூடினாலும். பேருந்து மதில் வாசலோடு நின்றுவிடும். அங்கிருந்து நடைதான்: சாத்திய கடைகள், கல் பாவிய சந்து, ஈரமிருந்தால் வழுக்கும். சாமான் பைகள் பேருந்திலேயே இருக்கட்டும். செபமாலை சொல்லிக்கொண்டு போங்கள், பாட்டு வேண்டாம். அந்தச் சந்தின் இருபுறமும் மாடியில் குடும்பங்கள் தூங்குகின்றன.

உள்ளே நுழைந்ததும் மக்களைக் கல்லறை முன் நிறுத்திவிட்டு நேராகச் சக்கிறீஸ்துக்குப் போங்கள். பதினைந்து நிமிடம் முன்னதாக நிற்க வேண்டும். அங்கே பார்த்துக்கொள்ளும் சகோதரர் பெரும்பாலும் இத்தாலியனில் பேசுவார், ஆங்கிலமும் ஓரளவு போகும். கடிதத்தைக் காட்டுங்கள், பெயரைப் பதியச் சொன்னால் பதியுங்கள். சிலுவைப் போர்த் தலைவர் காட்ஃப்ரியுடையது என்று சொல்லப்படும் வாளும் குதிமுள்ளும் இந்தச் சக்கிறீஸ்தில்தான் வைத்திருக்கிறார்கள். என் மனத்துக்கு அது பூசைக்கு முன் பார்க்க வேண்டிய பொருளாகத் தோன்றவில்லை. உடுப்பைப் போட்டுக்கொண்டு உங்கள் தாள்களைச் சரிபாருங்கள்.

கல்லறைக்குள்

கல்லறையைச் சுற்றிக் கட்டிய சிறு மண்டபத்தின் இன்றைய வடிவம், 1808 தீ விபத்துக்குப் பிறகு 1810-இல் எழுப்பியது. ஏதென்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் 2016-17-இல் அதைச் செப்பனிட்டார்கள். அந்த வேலையின்போதுதான் பளிங்குப் பலகையை நகர்த்தி அடியில் உள்ள பாறைப் படுக்கையைப் பார்த்தார்கள். முதலில் வருவது வானதூதர் சிற்றறை. அதைத் தாண்டி நன்றாகக் குனிந்துதான் உள்ளறைக்குப் போக முடியும். நெட்டையானவர்கள் தலையில் இடித்துக்கொள்வது அங்கே அன்றாடம். உள்ளே போனதும் வலது கைப்பக்கம் பளிங்குப் பலகை, தலைக்கு மேல் விளக்குகள்: கிரேக்கர், இலத்தீனர், அர்மீனியர் ஒவ்வொருவருக்கும் 13, காப்டிக் சபைக்கு 4. மொத்த அறையும் ஏறக்குறைய இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர்.

நம் பூசைக்கு அந்தப் படுக்கையின் மேல்தான் பீடம். நீங்கள் சுவரைப் பார்த்து நிற்பீர்கள். கூட்டுத் திருப்பலிக்காரர் ஒருவரோ இருவரோ உள்ளே, மற்ற குருக்கள் வெளியே. இறைவாக்கு வழிபாட்டை மக்கள் முன்னால் வெளியே வைத்துக்கொண்டு, காணிக்கைக்கு உள்ளே போவது தமிழ்க் குழுக்களுக்குப் பொருத்தமாக இருக்கும். வாசகம் காதில் விழும், உங்கள் முகமும் தெரியும். அதற்குப் பிறகு உங்கள் குரல் மட்டுமே அவர்களுக்குப் போய்ச் சேரும். அதனால் மைக்கில் பேசும் பழக்கத்தை விட்டு, நிதானமாக, வார்த்தையைக் கடைசி எழுத்துவரை உச்சரியுங்கள். கத்த வேண்டாம். மண்டபத்தின் பின்புறத்தை ஒட்டியே காப்டிக் சபையின் பீடம் இருக்கிறது, அங்கும் யாராவது செபித்துக்கொண்டிருப்பார்கள். உங்கள் பூசையின் நடுவே வேறொரு மொழியில் பாட்டோ, நம் பக்கத்து ஆர்கனோ முழங்கினால் நிறுத்தாதீர்கள், மக்களிடம் சலித்துக்கொள்ளவும் வேண்டாம். அந்தக் கோயிலில் மௌனம் என்பது வாடகைக்குக்கூடக் கிடைக்காது.

மறையுரை மூன்று நிமிடம். இதில்தான் நம்மில் பலர் தோற்கிறோம். அகழாய்வு, கான்ஸ்டன்டைன், ஹெலேனா அரசி, பாறையின் வகை எல்லாம் முந்தின மாலையே ஓட்டலில் சொல்லி முடித்திருக்க வேண்டும். கல்லறை முன்னால் நின்று, விடியுமுன் மகதலா மரியா வந்தார், கல் அகற்றப்பட்டிருந்தது என்ற வரியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மக்களும் விடியுமுன் தூக்கம் கலைந்து வந்திருக்கிறார்கள். அவர்களில் சிலர் இந்த ஆண்டுதான் ஒருவரை அடக்கம் செய்திருப்பார்கள். பயணப் பெட்டியில் அவருடைய படத்தை வைத்துக்கொண்டு வந்திருப்பதும் உண்டு. அவர்களிடம் போய்ப் பாறையின் வகையைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? "மரியா அழுதுகொண்டு நின்ற இடம் இது. அவர் பெயரைச் சொல்லி ஆண்டவர் கூப்பிட்டார்" என்று சொல்லிவிட்டு, அரை நிமிடம் சும்மா நில்லுங்கள். அந்த அரை நிமிடத்தை மன்றாட்டுகளில் ஒன்றைக் குறைத்தாவது மிச்சப்படுத்துங்கள்.

நன்மை (நற்கருணை) கொடுக்க வாசலுக்கு வெளியே வந்துவிடுங்கள். நன்றி மன்றாட்டு, ஆசீர், முடிந்தது. அடுத்த குரு உடுப்போடு நிற்பார். குழுப்படம், நன்றியுரை, சால்வை எதுவும் மண்டபத்தின் முன்னால் கூடாது.

பூசைக்குப் பிறகு

பயணிகள் செபமாலை, சிலுவை, ஊரிலிருந்து கொண்டுவந்த கைக்குட்டை எல்லாவற்றையும் கல்லறைமேல் வைத்தெடுக்கக் கேட்பார்கள். "சாமி, என் பேரனோட சட்டை இது. அங்க ஒரு தரம் வச்சு எடுத்துக் குடுங்க" என்று ஒரு பாட்டி முடிச்சை அவிழ்ப்பார். பூசை நடுவில் அதற்கு இடமில்லை. நுழைவாயிலுக்கு நேரே உள்ள பூசுகல்லுக்கு அவர்களை அழைத்துப் போங்கள். ஆண்டவரின் உடலுக்கு நறுமணத் தைலம் பூசிய இடம் என்று வணங்கப்படும் அந்தக் கல்லில் நாள் முழுதும் மக்கள் துணி விரித்துத் துடைத்து எடுக்கிறார்கள், யாரும் விரட்டமாட்டார்கள். பேரன் சட்டைக்கும் அங்கே தாராளமாக இடம் உண்டு. இப்போது பதிந்திருக்கும் பலகை 1810-இல் போட்டது என்ற விவரத்தைப் பாட்டியிடம் அந்த நேரத்தில் சொல்ல வேண்டியதில்லை, கேட்டால் மறைக்கவும் வேண்டாம்.

கிளம்பும் முன் சக்கிறீஸ்தில் காணிக்கை போடுங்கள். கட்டணம் என்று கேட்கமாட்டார்கள். ஒரு குழு பயன்படுத்திய அப்பம், இரசம், மெழுகுதிரி, வெளுத்த துகில் எல்லாம் யாரோ ஒருவரின் செலவு.

மற்ற இடங்கள்

பெத்லகேமில் பதினான்கு முனை வெள்ளி நட்சத்திரம் உள்ள பீடம் நம்முடையதல்ல. எதிரே சில படி கீழே உள்ள தீவனத்தொட்டிப் பக்கத்து ஞானியர் பீடம்தான் இலத்தீனர்களுக்கு. பெரிய குழுவுக்குப் பக்கத்துப் புனித கத்தரீனா கோயில் தருவார்கள். கடைசி இராவுணவு அறையில் பூசை வைக்க வழக்கமாக அனுமதி கிடையாது. 2000-இல் இரண்டாம் ஜான் பவுலும், 2014-இல் பிரான்சிசும் வைத்தது தனி ஏற்பாடு. பக்கத்திலேயே பிரான்சிஸ்கன் சிற்றாலயம் இருக்கிறது, அங்கே கேளுங்கள். கலிலேயக் கடற்கரையில் பேதுரு தலைமைத்துவக் கோயில் வளாகத்தில் திறந்தவெளிப் பீடங்கள் உண்டு. முழுக் குழுவும் உட்கார்ந்து, பாடி, ஆற அமரப் பூசை காண அதைவிட நல்ல இடம் பயணம் முழுக்கக் கிடைக்காது. பாட்டுக்காரர்கள் ஆசையை அங்கே தீர்த்துக்கொள்ளட்டும்.

பூசைக் கருத்துகள்

எந்தப் பூசையை யாருக்காக ஒப்புக்கொடுப்பது என்பதைக் கிளம்பும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். நீங்கள் போகிறீர்கள் என்று தெரிந்ததும் பங்கில் ஆளாளுக்கு வந்து, "சாமி, கல்லறையில என் வீட்டுக்காரருக்கு ஒரு பூசை" என்று ஐந்நூறு ரூபாயைக் கையில் திணிப்பார்கள். பணம் வாங்கிய ஒவ்வொரு கருத்துக்கும் தனித்தனிப் பூசை வைக்க வேண்டும் என்கிறது சட்டம் 948, காணிக்கை எவ்வளவு சிறியதானாலும். பல கருத்துகளை ஒரே பூசையில் சேர்ப்பதற்கு 1991-இல் வத்திக்கான் கடுமையான வரம்பு போட்டது. காணிக்கை தந்தவர்களுக்குத் தெரிந்து அவர்கள் சம்மதித்திருக்க வேண்டும், இடமும் நேரமும் அறிவித்திருக்க வேண்டும், ஒரு பூசைக்குரிய காணிக்கையைத்தான் குரு எடுத்துக்கொள்ளலாம். கல்லறையில் உங்களுக்குக் கிடைப்பது ஒரே பூசை. அதற்கு ஒரே கருத்து, குழுவில் வந்தவர்களுக்காக என்று வைத்துக்கொண்டால் சண்டை வராது.

மற்றவர்களிடம், "உங்கள் கருத்தை எழுதிக் கொடுங்கள், அங்கே செபத்தில் நினைத்துக்கொள்கிறேன், பணம் வேண்டாம்" என்று சொல்லுங்கள். பூசையே வேண்டும் என்று வற்புறுத்தினால், அதை ஊரில் திரும்பி வந்து வைப்பதாகத் தெளிவாகச் சொல்லி வாங்கி, பெயர், தேதி, தொகையோடு பூசைப் பதிவேட்டில் எழுதிவிடுங்கள். வந்த வாரத்திலிருந்தே ஒவ்வொன்றாக வைத்துப் பதிவேட்டில் அடித்துக்கொண்டு வாருங்கள். அடுத்த குழுவுக்குப் பெயர் சேர்க்கும்போது அந்தப் பக்கத்தில் பாக்கி இருக்கக்கூடாது.